கலைச்சிகரமும் கடைசி பஸ்ஸும்

அந்த மலையூரில் கடிகாரமே இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. நகராட்சிக் கட்டடத்தின் உச்சியில் நான்கு முகத்தோடு ஒன்று இருக்கிறது. நான்கு முகமும் நான்கு நேரம் காட்டும். எப்போது பார்த்தாலும் ஏதாவது ஒரு முகம் ஏறக்குறையச் சரியாகத்தானே இருக்கிறது என்பது நகராட்சியின் வாதம். ஊர்க்காரர்கள் அதை நம்பி அடுப்பில் பால்கூட வைக்கமாட்டார்கள். அவர்களுக்கு நேரம் என்றால் கடைசி பஸ்ஸின் ஹாரன். ஐந்து இருபதுக்கு நீளமாக ஒரு தடவை, ஐந்து முப்பதுக்கு இரண்டு தடவை, ஐந்து நாற்பதுக்கு வண்டி கிளம்பிவிடும். முதல் ஹாரனுக்குச் செருப்புக் கடைக்காரர் வெளியே தொங்கும் ஜோடிகளை உள்ளே எடுப்பார். நூலகர் படித்துக்கொண்டிருப்பவர் தலைக்கு மேலேயே விளக்கை அணைப்பார். இரண்டாவது ஹாரனுக்குக் கடைத்தெரு முழுக்க ஷட்டர் இறங்கும்.

இருபத்திரண்டு வருஷமாக அந்த ஹாரனை அடித்துவருபவர் டிரைவர். ஒரு நிமிஷம் முன்னே கிடையாது, பின்னே கிடையாது. ஊரே தன் கட்டைவிரலுக்குக் கீழே இருக்கிறது என்ற கர்வம் அவருக்கு உள்ளூர உண்டு. வெளியே காட்டிக்கொள்ளமாட்டார். காட்டினால் மச்சான் விடமாட்டார். மச்சான் என்பது அதே வண்டியின் கண்டக்டர், டிரைவர் மனைவியின் அண்ணன்.

அப்படிப்பட்ட டிரைவர் அன்று நாலே முக்காலிலிருந்து சீட்டில் முள் முளைத்த மாதிரி நெளிந்துகொண்டிருந்தார். முன்கண்ணாடியைத் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார். இறங்கிப் போய் டயரை உதைத்துப் பார்த்தார். டயர் போன வாரம் மாற்றியது.

"அந்த டயர் உன்ன என்ன பண்ணுச்சு மாப்ள?" என்றார் மச்சான்.

டிரைவர் டயரை விட்டு நிமிர்ந்தார். அவர் கண் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது. பஸ் நிலையத்துக்கும் விளையாட்டு மைதானத்துக்கும் நடுவே இடுப்புயரச் சுவர் ஒன்றுதான். சுவரை ஒட்டிக் கலைவிழா மேடை, பஸ்ஸுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. மேடையின் பின்புறம் மறைக்க ஒரு பெரிய துணி பேனர். அதில் கலைச்சிகரத்தின் சிரித்த முகம். இந்தப் பக்கத்திலிருந்து பார்க்க அது இடம் வலம் மாறி, மங்கலாகத் தெரிந்தது. காற்றடிக்கும்போதெல்லாம் கன்னம் உப்பியது.

கலைச்சிகரம் என்பது கலைவிழாக் குழுத் தலைவரின் பட்டம். வழங்கியது கலைவிழாக் குழு. குழு கூடிய அன்று மழை; அவரைத் தவிர யாரும் வரவில்லை. ஆகவே தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. என்ன கலை என்று கேட்டால் பேச்சு என்பார். விழாவில் ஆட்டம் உண்டு, பாட்டு உண்டு, ஓவியப் போட்டி உண்டு. ஆனால் அதெல்லாம் அவர் பேச்சுக்கு நடுவே மூச்சு வாங்கும் இடங்கள்.

நோட்டீஸில் ஒன்பதாவது நிகழ்ச்சி: 'அக்கார்டியன் தனி வாசிப்பு, மாலை 5.00.' வாசிக்கப்போவது டிரைவரின் மனைவி.

அவளுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. கண் மருத்துவர் எழுதிக் கொடுக்கும் நம்பருக்கு லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவாள். ஊரில் யாருக்கு எது தெரியும், எது தெரியாது என்பது அவளுக்கு மனப்பாடம். கடை ஒன்பதிலிருந்து ஐந்தரை வரை. டிரைவரோ ஐந்து நாற்பதுக்கு மலை இறங்கி, கீழே படுத்து எழுந்து, காலை பத்துக்கு மேலே வருவார். அவர் இல்லாத ராத்திரிகளில்தான் அவள் அக்கார்டியனை எடுப்பாள். செவ்வாய்க்கிழமை அவருக்கு விடுமுறை. அன்றைக்குத் தொடவே மாட்டாள். "நீங்க பக்கத்துல இருந்தா கை உதறுதுங்க. மேடையில வாசிக்கிறப்ப கேளுங்க" என்பாள்.

மேடைக்கு வந்து மூன்று வருஷமாகிறது. முதல் வருஷம் பேச்சுகள் முடிந்து அவள் முறை வந்தபோது மணி ஐந்தே முக்கால். வண்டி போய்விட்டது. கூட்டமும் வண்டியோடு போய்விட்டது. மைதானத்தில் பதினோரு பேரும் ஒரு நாயும் கேட்டார்கள். மறுநாள் காலை டிரைவர் வந்து, "மூணாவது வளைவு வரைக்கும் காத்துல வந்துச்சும்மா. அருமை" என்றார். அவள் முகம் மலர்ந்தது. ஒரு பொய்யில் இவ்வளவு மகசூலா என்று அவரும் மகிழ்ந்தார்.

மகசூல் கண்டவன் மறுபடியும் அதையேதான் விதைப்பான். போன வருஷமும் வந்தார். அதே மூன்றாவது வளைவு, அதே காற்று, அதே அருமை.

"நான் நேத்து வாசிக்கவே இல்லைங்க" என்றாள் அவள். "அந்த ஆளு உங்க ஹாரன் கேக்குற வரைக்கும் பேசுனாரு. ஹாரன் கேட்டதும் மைக்செட்காரரும் வயரைச் சுருட்டிட்டுப் போயிட்டாரு."

அன்றிலிருந்து நாலு மாசம் அந்த வீட்டில் அக்கார்டியன் பெட்டி திறக்கவில்லை. பேச்சு இருந்தது, உப்புப் போட்டேன், கதவைச் சாத்தினேன் என்கிற அளவுக்கு இருந்தது. இந்த வருஷ நோட்டீஸ் வந்த அன்றுதான் அவள் தன் நிபந்தனையைச் சொன்னாள்.

"இந்தத் தடவை நான் வாசிக்கிறத நீங்க கேக்கணும். கேட்டுட்டு, என்ன வாசிச்சேன்னு எங்கிட்ட சொல்லணும். முடியலேன்னா பெட்டியப் பள்ளிக்கூடத்துக்குக் குடுத்துடுவேன். பிள்ளைங்க ஏறி உக்காந்து ஒடைக்கட்டும்."

டிரைவர் லீவு கேட்டார். டெப்போவில், செவ்வாய்க்கிழமை தவிர மாற்று ஆள் இல்லை என்றார்கள். விழாச் செயலாளரிடம் போய், அவளை முன்னால் தள்ளிப் போடக் கேட்டார். "முதல்ல பெரியவங்க பேசணும், அப்புறந்தான் கலை" என்றார் செயலாளர், கலைவிழா நோட்டீஸையே விசிறியாக வீசிக்கொண்டு.

இப்போது மணி ஐந்து. வழக்கப்படி டிரைவர் இன்ஜினை ஸ்டார்ட் செய்தார். இந்தக் குளிரில் ஒருமுறை நின்றால் அந்த வண்டி தானாகக் கிளம்பாது. ஸ்டார்ட்டர் மோட்டார் இரண்டு வருஷமாக 'அடுத்த வாரம்' வந்துகொண்டிருக்கிறது. ஆகவே ஐந்து மணிக்குச் சாவியைத் திருகி, எப்படியோ உயிர் கொடுத்துவிட்டால், அப்புறம் மலை இறங்கும்வரை அணைப்பதில்லை. வண்டி நின்ற இடத்தில் நடுங்கிக்கொண்டிருந்தது, அதற்குள் டிரைவரும்.

சுவர்மேல் சாய்ந்து எட்டிப் பார்த்துவிட்டு மச்சான் வந்தார்.

"என்ன ஆச்சு?"

"இப்பத்தான் முன்னுரை முடிஞ்சுது. 'சுருக்கமாகச் சொல்கிறேன்'னுட்டாரு."

"போச்சு."

"செயலாளர் சீட்டு அனுப்பிட்டேதான் இருக்காரு. 'நேரம் முடிந்தது'ன்னு கொட்டை எழுத்துல. அந்த மனுஷன் வாங்கி, பாத்து, சிரிச்சு, பாக்கெட்ல வச்சுக்கிறாரு. நாலு சீட்டு போயிருச்சு."

டிரைவருக்குத் தெரியும். மனைவி சொல்லியிருக்கிறாள். கலைச்சிகரத்துக்குக் கண் நம்பர் மாறி மூன்று வருஷம் ஆகிறது. கண்ணாடி போட்டால் வயசு தெரியும் என்று மேடையில் போடமாட்டார். எழுதிய உரையைப் படிக்க முடியாததால்தான் எழுதாத உரையை ஆற்றுகிறார். எழுதாத உரைக்குக் கடைசிப் பக்கம் கிடையாது. வரும் சீட்டெல்லாம் பாராட்டு என்று அவர் எண்ணம். ஐந்தாவது சீட்டுக்கு உற்சாகம் தாங்காமல் இன்னும் கொஞ்சம் பின்னோக்கிப் போய், மலை தோன்றிய காலத்திலிருந்து ஆரம்பித்தார். ஒலிபெருக்கியில் அது நன்றாகக் கேட்டது.

"இவரு வாய மூடணும்னா ஒரே ஒரு வழிதான்" என்று மச்சான் சிரித்தார். "நீ ஹாரன் அடிக்கணும். அடிச்சா மனுஷன் நடு வார்த்தையில வுட்டுட்டு ஓடி வருவாரு."

அது உண்மை. கலைச்சிகரத்தின் வீடு நான்காவது வளைவில். காரும் இருக்கிறது. ஆனால் மூடுபனியில் ஓட்டப் பயம். பயம் என்று சொல்வதில்லை. 'மக்களோடு மக்களாகப் பயணம்' என்பார். கடைசி பஸ்ஸில் முன்சீட்டு அவருக்கு.

மச்சான் அதை வேடிக்கையாகத்தான் சொன்னார். டிரைவர் வேடிக்கையாகக் கேட்கவில்லை. அவருடைய வலது கை ஸ்டீயரிங்கின் நடுவே போய்ப் படுத்துக்கொண்டது. மைதானத்தின் மறுகோடியிலிருந்து மூடுபனி படுதாவைப்போல ஏறி வந்துகொண்டிருந்தது. பேனரின் ஓரத்தில், மேடைப் படியில், அக்கார்டியனை மடியில் வைத்துக்கொண்டு மனைவி உட்கார்ந்திருப்பது தெரிந்தது. விரல்களை வாயருகே வைத்து ஊதிக்கொண்டிருந்தாள்.

"மாப்ள, கையை எடு" என்றார் மச்சான், சிரிப்பு போய்விட்டது. "மணி அஞ்சு நாலு. தங்கச்சி புருஷன்னெல்லாம் பாக்கமாட்டேன், ரிப்போர்ட் எழுதிடுவேன்."

"எழுது" என்றார் டிரைவர். அடித்தார்.

இருபத்திரண்டு வருஷத்தில் ஊர் அந்த ஹாரனை ஒருநாளும் சந்தேகித்ததில்லை. அன்றும் சந்தேகிக்கவில்லை. செருப்புக் கடையில் ஜோடிகள் உள்ளே போயின. நூலகத்தில் விளக்கு அணைந்து, யாரோ "ஐயோ, ரெண்டு பக்கந்தான் பாக்கி" என்று கத்தினார்கள். ஒலிபெருக்கியில், "அப்படிப்பட்ட மலையின் மடியிலே பிறந்த நான்..." என்ற வாக்கியம் பிறந்த இடத்திலேயே நின்றுவிட்டது.

டிரைவர் முகத்தில் சிரிப்பு வந்தது. கால் நிமிஷந்தான் அது தங்கியது.

பேச்சு நின்ற அதே நொடியில் மைதானத்தில் நானூறு நாற்காலிகள் ஒன்றாகக் கீச்சிட்டன. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியவன் கதை ஆகிவிட்டது. ஹாரன் கேட்டால் கலைச்சிகரம் மட்டும் எழுந்து வருவார், மற்றவர்கள் உட்கார்ந்து அக்கார்டியன் கேட்பார்கள் என்று எப்படி நினைத்தோம்? டிரைவருக்கே புரியவில்லை. ஊரில் இருப்பவர்கள் வீட்டைப் பார்த்து நடந்தார்கள், வளைவுகளில் இருப்பவர்கள் பஸ்ஸைப் பார்த்து ஓடி வந்தார்கள். குழந்தையைச் சுவர்மேல் தூக்கிக் கொடுத்தார்கள், பையை ஜன்னல் வழியாகப் போட்டு இடம் பிடித்தார்கள். நாலே நிமிஷத்தில் வண்டி பிதுங்கியது. மைதானத்தில் நாற்காலிகளும் பனியும் மிஞ்சின.

கடைசியாகக் கலைச்சிகரம் ஏறினார். பின்னால் சிறப்பு விருந்தினர். ஒரு காலத்தில் டி.வி.யில் வானிலை வாசித்தவர், இன்று காலை 'வானம் தெளிவாக இருக்கும்' என்று மேடையில் அறிவித்தவர். அவர் கையில் பாதி ஆள் உயரத்துக்கு ஒரு கேடயம். கலைச்சிகரம் கையில் வயர் இல்லாத மைக். பேச்சின் வேகத்தில் கீழே வைக்க மறந்துவிட்டார்.

"யாருய்யா என் சீட்டுல?" என்றார். அது மைதானம் முழுக்க ஒலித்தது.

சீட்டில் இருந்தவர் எழுந்திருக்கவில்லை. கலைச்சிகரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். எதிரே அறுபது முகங்கள், ஒருவராலும் எழுந்து போக முடியாத நெரிசல், கையில் உயிரோடு ஒரு மைக். இப்படி ஒரு சபை அவருக்கு ஜென்மத்தில் வாய்த்ததில்லை.

"விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன்..."

டிரைவர் ஸ்டீயரிங்மேல் நெற்றியை வைத்துக்கொண்டார். பேய்க்குப் பயந்து வீடு மாறினால், பேய் சாமான் வண்டியில் முன்னால் உட்கார்ந்து வருகிறது.

"அண்ணே, ஹாரன் அடிச்சாச்சுல்ல, ஏன் எடுக்கல?" என்றது ஒரு குரல்.

"நேரமாகல."

"பின்ன எதுக்கு அடிச்சீங்க?"

டிரைவர் மச்சானைப் பார்த்தார். மச்சான் டிக்கெட் கிழிப்பதில் திடீரென்று மிகுந்த அக்கறை காட்டினார். கிழித்தபடியே, யாருக்கும் பொதுவாக, "அஞ்சு நாப்பதுக்கு முன்னாடி சக்கரம் உருளக் கூடாது. ரூல்" என்றார்.

ஐந்து பத்து. ஐந்து பதினைந்து. கலைச்சிகரம் தமது பள்ளிப் பருவத்தை எட்டியிருந்தார். டிரைவர் முன்கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார். பேனர் ஓரத்துப் படியில் இப்போது யாரும் இல்லை. போய்விட்டாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேராகப் பள்ளிக்கூடத்துக்கே போயிருப்பாள். இறங்கி ஓடலாமா? ஓடும் இன்ஜினை விட்டு டிரைவர் இறங்கக் கூடாது, அதுவும் ரூல்.

மூன்றாவது சீட்டில், மடியில் கீரைக்கட்டுகளோடு இருந்த ஓர் அம்மாள் எட்டிக் கலைச்சிகரத்தின் கையைத் தொட்டாள்.

"அண்ணே, எவ்வளவு நேரந்தான் ஒரு கையில கம்பி, ஒரு கையில இதுன்னு நிப்பீங்க. குடுங்க, நான் வச்சிருக்கேன்."

பரிவுக்கு இளகாத பிரமுகர் உண்டா? கொடுத்தார். அம்மாள் வாங்கி, மைக்கின் விளக்கு அணைகிறவரை பொத்தானை அழுத்தி, கீரைக்கு அடியில் வைத்து, பையின் வாயைக் கட்டினாள். வண்டியின் பின்பகுதியிலிருந்து யாரோ விசிலடித்தார்கள்.

அப்போதுதான் முன்கண்ணாடிக்கு எதிரே கலைச்சிகரத்தின் முகம் நடுவில் மடங்கியது. பேனரின் அடியைத் தூக்கிக்கொண்டு டிரைவரின் மனைவி வெளியே வந்தாள். ஒரு கையில் நாற்காலி, மார்பில் அக்கார்டியன். நாற்காலியை மேடையின் பின்விளிம்பில், பஸ்ஸைப் பார்க்கப் போட்டு உட்கார்ந்தாள். கூட்டம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கந்தானே முன்பக்கம். மைக் இல்லை. தேடவும் இல்லை. நேராக டிரைவரைப் பார்த்தாள்.

அவள் கை அசைந்தது. துருத்தி விரிந்தது. டிரைவருக்குக் கேட்டதெல்லாம் தன் இன்ஜினின் கடகடப்பு.

இரண்டு மூச்சு விடும் நேரம் யோசித்தார். பிறகு சாவியைத் திருப்பினார்.

வண்டி ஒரு தடவை குலுங்கி அடங்கியது. அறுபது பேரும் ஒரே சமயத்தில் வாயை மூடினார்கள். காது அடைத்துக்கொண்டதோ என்று சிலர் விரலை விட்டுப் பார்த்தார்கள்.

"மாப்ள!" மச்சான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். "அணைச்சிட்டியா? இனிமே எப்படிய்யா கெளம்பும்?"

"தள்ளுனா கெளம்பும்."

"யாரு தள்ளுறது?"

"சும்மா இரு மச்சான். உன் தங்கச்சி வாசிக்குது."

ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. குளிர் உள்ளே வந்தது, கூடவே அதுவும் வந்தது. என்ன ராகம், என்ன தாளம் என்றெல்லாம் டிரைவருக்குத் தெரியாது. ஆனால் அது ஏறுகிறது என்பது தெரிந்தது. முதல் கியரில், திணறித் திணறி, ஒவ்வொரு வளைவாக. ஒரு வளைவு திரும்பியதும் கொஞ்சம் சமதளம், அங்கே லேசாக ஓடியது. மறுபடி ஏற்றம். மூன்றாவது திருப்பத்தில் விரல் தடுக்கியது. டிரைவரின் வலது கால் தானாகப் பிரேக்கை மிதித்தது. அவள் நிற்கவில்லை. கொஞ்சம் பின்னுக்கு வந்தாள், இடம் எடுத்துக்கொண்டாள், அகலமாக ஒடித்து அதே திருப்பத்தைத் திரும்பினாள். அட, என்றார் டிரைவர், வாய்விட்டே. நீள வண்டியை ஒரே ஒடிப்பில் திருப்ப முடியாத இடத்தில் அவர் இருபத்திரண்டு வருஷமாகச் செய்வது அது. பக்கத்தில் உட்கார்ந்துகூட அவள் பார்த்ததில்லை.

"இந்த இடத்தில் நான் ஒன்று சொல்ல வேண்டும்..." என்றார் கலைச்சிகரம்.

"உஸ்" என்றது வண்டி.

வாசித்து முடித்தபோது ஐந்து முப்பத்து மூன்று. ஐந்து முப்பதுக்கான இரண்டு ஹாரன் அடிக்கப்படவில்லை என்பதை டிரைவர் அப்போதுதான் உணர்ந்தார். கைதட்ட இடம் இல்லாததால் ஜன்னலோரத்தில் இருந்தவர்கள் வண்டியின் தகரத்தைத் தட்டினார்கள். கீரை அம்மாள், "இன்னொண்ணு வாசிம்மா" என்று கத்தினாள். டிரைவரின் மனைவி தலையை ஆட்டி மறுத்து, பெட்டியைப் பூட்டி, சுவர்மேல் வைத்துவிட்டு, சுவரைத் தாண்டி வந்தாள்.

ஐந்து நாற்பதுக்கு மச்சான் ரூலின்படி விசில் ஊதினார். டிரைவர் சாவியைத் திருகினார். ஸ்டார்ட்டர் மோட்டார் ஒரு தடவை இருமிவிட்டு ஓய்ந்தது.

"எறங்குங்க, எறங்குங்க! ஆம்பளைங்க எல்லாம் பின்னாடி!" என்று மச்சான் கூவினார். கலைச்சிகரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "ஐயா, மக்களோடு மக்களா வாங்க" என்றார் மச்சான், மிகுந்த பணிவோடு. வேறு வழியில்லை. கேடயத்தைக் கீழே வைக்க மனமில்லாத சிறப்பு விருந்தினர் அதை மார்போடு அணைத்துக்கொண்டு முதுகால் தள்ளினார். வண்டி நாலடி நகர்ந்து, மூன்றடி பின்வாங்கியது. கலைச்சிகரத்தின் மேல்பாக்கெட்டிலிருந்து ஆறு சீட்டுகள் உதிர்ந்தன. பக்கத்தில் தள்ளிக்கொண்டிருந்தவர் ஒன்றை எடுத்து, எழுத்துக்கூட்டி, உரக்கப் படித்தார்: "நேரம் முடிந்தது. தயவுசெய்து உட்காரவும்." கலைச்சிகரம் மூச்சு வாங்குவதாகக் காட்டிக்கொண்டார்.

அந்தக் களேபரத்தில் மனைவி டிரைவர் பக்கத்துக் கதவருகே வந்து நின்றாள். கன்னம் குளிரில் சிவந்திருந்தது. நலம் விசாரிக்கவில்லை, சிரிக்கவில்லை.

"சொல்லுங்க. என்ன வாசிச்சேன்?"

டிரைவர் தொண்டையைச் செருமினார். அருமை என்ற சொல் நாக்கின் நுனிவரை வந்தது. விழுங்கினார்.

"மேல ஏறுது. மூணாவது திருப்பத்துல தடுக்கிருச்சு. ரிவர்ஸ் எடுத்து, அகலமா ஒடிச்சுத் திருப்புன. அதுக்கப்புறம் எறக்கம். எறக்கத்துல கொஞ்சம் வேகம் ஜாஸ்தி."

அவள் ஒரு நிமிஷம் அவரையே பார்த்தாள். கண் நம்பர் சரியாக இருக்கிறதா என்று வாடிக்கையாளரைப் பார்ப்பதுபோல.

"தடுக்குனது ரெண்டு இடம்" என்றாள். "எறக்கத்துல ஒண்ணு இருக்கு. உங்களுக்குத் தெரியல."

"அதான் வேகமாப் போனியா?"

"அடுத்த வருஷம் ஒழுங்காக் கேளுங்க" என்று சொல்லிவிட்டு அவளும் பின்னால் தள்ளப் போனாள்.

மூன்றாவது தள்ளலில் வண்டி நிலையத்து வாசலைத் தாண்டிச் சரிவைப் பிடித்தது. இன்ஜின் ஒரு உதறு உதறிப் பிழைத்தது. சரிவில் இனி நிறுத்த முடியாது. "ஓடி வந்து ஏறுங்க!" என்று மச்சான் படியில் தொங்கிக்கொண்டு ஒவ்வொருவராக இழுத்துப் போட்டார். கண்ணாடியில் டிரைவர் பார்த்தார்: பனிக்குள்ளிருந்து ஒரு கேடயம் ஓடி வந்தது, அதன் பின்னால் ஒரு கலைச்சிகரம். அந்த மனிதர் பேசாமல் இவ்வளவு தூரம் வந்து அன்றுதான் பார்த்தார்.

கடைத்தெருவைத் தாண்டும்போது மணி ஐந்து நாற்பத்தேழு. அடிக்காமல் விட்ட ஹாரனுக்கு ஈடாக, டிரைவர் நீளமாக ஒரு ஹாரன் அடித்தார். செருப்புக் கடைக்காரர் அப்போதுதான் ஜோடிகளை மறுபடி வெளியே தொங்கவிட்டுக்கொண்டிருந்தார். தலையைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. நூலகர் வாசலில் நின்று அண்ணாந்து, நகராட்சிக் கடிகாரத்தின் முகம் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டிரைவர் இன்னொரு தடவை அடித்தார். ஒரு ஷட்டர்கூட இறங்கவில்லை.

"நாளைக்கு இன்னும் பலமா அடிக்கணும்" என்றார் மச்சானிடம்.

"முதல்ல நேரத்துக்கு அடி" என்றார் மச்சான். கூட்ட நெரிசலில் முதுகை யார்மேலோ சாய்த்துக்கொண்டு, நின்ற வாக்கிலேயே ரிப்போர்ட் எழுத ஆரம்பித்திருந்தார்.